பதினேழாம் எண் வில்லை

தோர்ஃபியோடு ஸ்வாலா பேசி இரண்டு நாள் ஆகியிருந்தது. காரணம், ஒரு கல்.

கல் என்றால் வெறும் கல்தான். பாசி படர்ந்து, தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு கிடந்த கல். மூன்று வருடத்துக்கு முன்னால் மூடுபனியில் அதைக் கடல்நாய் என்று நினைத்துப் படகை நிறுத்தி, பயணிகளை வாயைப் பொத்தச் சொல்லி, கடல்நாய் எப்படித் தூங்கும், எப்படிக் குட்டி போடும் என்று கால் மணி நேரம் விளக்கம் கொடுத்துவிட்டாள் ஸ்வாலா. யாருக்குத்தான் கண் தப்பாது? புருஷன் பெண்டாட்டிக்குள் கிடந்திருக்க வேண்டிய சங்கதி. தோர்ஃபிக்கு வாய் சும்மா இருக்காதே! முந்தாநாள் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில், அக்குரெய்ரி ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எழுபத்து நான்கு பேருக்கு முன்னால் எழுந்து நின்று, பெண்டாட்டி குரலிலேயே பேசிக் காட்டினான். "சத்தம் போடாதீங்க... பாருங்க, மூச்சு விடுது பாருங்க!" கூடமே குலுங்கியது. சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் பொய்ப்பல் கழன்று சூப்பில் விழுந்தது.

அந்தக் கப்பலில் ஸ்வாலாதான் கரையிறக்கும் வேலைக்குத் தலைவி. தீவைச் சுற்றிப் பத்து நாள் பயணம். நங்கூரம் போடுகிற இடத்தில் எல்லாம் ரப்பர் படகில் ஆட்களை இறக்கி, எரிமலைக் குழம்பு உறைந்த பாறையைக் காட்டி, பறவையைக் காட்டி, ஒருவரும் விழாமல் சாகாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒன்பது கோடையில் ஓர் ஆளைக்கூட அவள் தொலைத்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. தோர்ஃபி அவளுக்குக் கீழே வேலை பார்த்தான். வீட்டிலும் அப்படித்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

"தப்பு என் மேலதான்னு வெச்சுக்க. இப்பவாவது வாயைத் திற," என்று நேற்றுக் காலை அறையில் கெஞ்சினான். "தமாஷுக்குத்தானே சொன்னேன், ஸ்வாலா."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சரி. நான் அந்தக் கல்லுகிட்டயே போய்ப் பேசிக்கிறேன். அதாவது பதில் சொல்லுதா பார்ப்போம்."

இப்படிப் பேசினால் எந்தப் பெண்டாட்டிக்குக் கோபம் தணியும்? கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த கதைதான். அவன் அருமையான ஆள், ஆனால் எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்பது மட்டும் இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவனுக்குப் பிடிபடவே இல்லை.

அன்றைக்கு இறங்க வேண்டிய இடம் ஹோர்ன்ஸ்ட்ராந்திர் பக்கத்தில் செல்விக் என்கிற குடா. சாலை கிடையாது, வீடு கிடையாது, கடலை விட்டால் வேறு வழி கிடையாது. மதியத்துக்கு மேல் வாடை பலமாக அடிக்கும் என்று வானிலைச் செய்தி வந்ததால் கேப்டன் ஓர்மூர் எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளினார். அதிகாலை ஐந்தரைக்கே முதல் படகு போய்விட்டது.

குடாவின் கிழக்கு ஓரத்தில்தான் படகு ஒதுங்க இடம். அதற்கு மேலே பறவைகள் கூடு கட்டும் செங்குத்துப் பாறை. மேற்கு ஓரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆரஞ்சு வண்ணம் அடித்த ஆபத்துக் குடில் ஒன்று உண்டு. அடுப்பு, கம்பளி, பிஸ்கட், கரைக் கட்டுப்பாட்டு அறையோடு பேச ஒரு ரேடியோ, எல்லாம் அதில் இருக்கும். நடுவில் ஓடுகிற ஆறுதான் வில்லங்கம். கடல் வற்றும் நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நடந்து போகலாம். ஏற்றம் வந்துவிட்டால் மார்பளவு ஓடும், ஆளை உருட்டிக் கடலில் தள்ளிவிடும்.

தோர்ஃபிக்கு மேல்காவல். பாறை உச்சியில் நின்று, படம் எடுக்கிறேன் பேர்வழி என்று விளிம்புக்குப் போகிற கிழங்களை அதட்டி இழுக்கிற வேலை. மேல்காவல்காரன்தான் முதலில் ஏறுவான், கடைசியில் இறங்குவான். அதற்கென்றே இரண்டு சட்டம் வைத்திருந்தாள் ஸ்வாலா. கடைசிப் படகு கிளம்பும் முன், கரையில் இருக்கிற தலைவி மேல்காவல்காரனைக் கூப்பிட்டு, கரைக்கு வந்துவிட்டேன் என்று அவன் சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும். கப்பலில் ஏறியதும் அவரவர் வில்லையை அவரவர் கையால் திருப்ப வேண்டும். ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஆளுக்கொரு எண் போட்ட வில்லை. சிவப்பு தெரிந்தால் ஆள் கரையில், வெள்ளை தெரிந்தால் ஆள் கப்பலில். ஸ்வாலாவுக்குப் பதினாறு, தோர்ஃபிக்குப் பதினேழு.

ஒன்பது மணிக்கு மூடுபனி இறங்கியது. ஒன்பது ஐந்துக்கு ரேடியோ கொரகொரத்தது.

"மேல காலி. எல்லாரும் இறங்கியாச்சு. நானும் இறங்குறேன். ஸ்வாலா, கேக்குதா?"

ஸ்வாலாவுக்குக் கேட்டது. பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற படகோட்டி கௌதியைப் பார்த்து முகவாயை ஆட்டினாள். கௌதி முப்பது வயதுக்காரன், இந்த இருவரின் சண்டையையும் ஒன்றுவிடாமல் ரசிப்பவன்.

"கேக்குது அண்ணே, இறங்கி வாங்க," என்றான் கௌதி ரேடியோவில். பிறகு அவளிடம், "அக்கா, இந்தச் சண்டை இன்னும் எத்தனை நாளைக்கு? எனக்குத் தூதுவன் சம்பளம் தனியா வேணும்," என்றான்.

"படகைப் பிடி. பேச வந்துட்டான்."

அலை அதற்குள் எழும்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் படகின் பின்பக்கம் தூக்கி அடித்தது. ஓர் அம்மாள் கால் வழுக்கி இடுப்புவரை நனைந்து அலறினாள். அவளைத் தூக்கி உள்ளே போடுவதற்குள் ஸ்வாலாவின் இரண்டு பூட்ஸும் நிறைந்தன. கடைசிக்கு முந்தின படகு ஒன்பதரைக்குப் போனது. பனிக்குள் அது மறைகிற நேரத்தில், முன்பக்கம் ஊழியர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையில், தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, நெடுநெடுவென்று ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். தோர்ஃபி நீளக் காலன், அரை மணி நேர இறக்கத்தை இருபது நிமிடத்தில் ஓடி வருபவன்.

கடைசிப் படகைத் தள்ளும்போது கௌதி கேட்டான். "அண்ணன் எங்க?"

"அதோ போறாரே துரை, முந்தின படகுல. என்கூட ஒரே படகுல உக்காரப் பிடிக்கலை போல."

ரேடியோ அவள் தோளில்தான் தொங்கியது. பொத்தானை அழுத்தி, "தோர்ஃபி, எங்க இருக்க?" என்று மூன்றே வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன சொல்ல!

கப்பலில் ஏறி, பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பலகைக்கு வந்தாள். மற்றதெல்லாம் வெள்ளை. தன்னுடையதும் கௌதியுடையதும் சிவப்பு. கூடவே பதினேழும் சிவப்பு.

சாதாரண நாளில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நின்றிருக்கும். ஆனால் ஸ்வாலா படகு கழுவி முடித்து வருவதற்குள் தோர்ஃபியே அவளுடையதையும் சேர்த்துத் திருப்பிவிடுவது பல வருடப் பழக்கம். சட்டப்படி தப்பு. கேட்டால், "கட்டிக்கிட்ட பிறகு ஒரு கை என்ன, ரெண்டு கை என்ன," என்பான். அதனால் பதினாறும் பதினேழும் சிவப்பாக இருந்ததை அவள் வேறு விதமாகப் படித்தாள். பார், என் வில்லையைத் தொடக்கூடாது என்று தன்னுடையதையும் தொடாமல் போயிருக்கிறான், வீம்பு பிடித்தவன் என்று நினைத்தாள். தன்னுடையதைத் திருப்பினாள். அவனுடையதை அறைகிற மாதிரித் திருப்பினாள்.

சுக்கான் அறையிலிருந்து கேட்டார்கள். "எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு," என்றாள் ஸ்வாலா.

ஒன்பது ஐம்பதுக்கு நங்கூரம் ஏறியது. பனியில் கரை தெரியவே இல்லை.

மேல்காவல் பார்த்தவன் மதியம்வரை தூங்குவது வழக்கம். ஆகவே தோர்ஃபியை யாரும் தேடவில்லை. ஸ்வாலாவும் அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஈரக் காலுறையோடு சமையல்கட்டில் நின்று காப்பி குடித்தாள், நாளைய படகுப் பட்டியல் எழுதினாள், பயணிகளோடு பேசினாள். பன்னிரண்டே காலுக்கு ஆட்டுக்கறி சூப்பு பரிமாறத் தொடங்கியபோது எய்விந்த் வந்தார். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறடி மூன்றங்குலம். கையில் ஒழுங்காக மடித்த ஆரஞ்சுச் சட்டை ஒன்று இருந்தது.

"இந்தாம்மா, உங்க சட்டை. கரையில நான் நனைஞ்சு நடுங்கறதைப் பார்த்துட்டு கௌதிதான் குடுத்தான். இதைப் போட்டுக்கிட்டு முன்னால உக்காந்ததும் நானே மாலுமி ஆயிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரி போட்டோகூட எடுத்தா. பார்க்கிறீங்களா?"

அவர் கைபேசியை நீட்டினார். படகின் முன்பக்கம், தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, நெடுநெடுவென்று அவர்.

ஸ்வாலா சட்டையை வாங்கவில்லை. அறைக்கு ஓடினாள். அறையில் அவன் படுக்கை கசங்காமல் கிடந்தது. உலர்த்தும் அறையில் பதினேழாம் கொக்கி காலி, கீழே பூட்ஸ் இல்லை. பக்கத்துக் குளியலறைக் கதவைத் தட்டினாள். உள்ளே வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் இரண்டு தடவை விழுந்து எழுந்து சுக்கான் அறைக்குள் போய் நின்றாள்.

"ஓர்மூர், கப்பலைத் திருப்புங்க. தோர்ஃபி கப்பல்ல இல்லை."

கேப்டன் ஓர்மூர் அறுபது வயது மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். "வில்லை வெள்ளையா இருந்துச்சே?"

"நான்தான் திருப்பினேன்."

"நீயா?"

"அவனோட பேச்சுவார்த்தை இல்லை. ரேடியோவுல கூப்பிடலை. வேற ஒருத்தர் முதுகைப் பார்த்துட்டு அவன்னு நினைச்சேன். வில்லை சிவப்பாத்தான் இருந்துச்சு, நானே திருப்பிட்டேன். அப்புறம் திட்டுங்க ஓர்மூர், தூக்குல வேணா போடுங்க, முதல்ல திருப்புங்க!"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சுக்கான்காரனிடம் திரும்ப வேண்டிய திசையைச் சொன்னார், கப்பல் சாயத் தொடங்கியது. கூடத்தில் தட்டுகள் சரிந்து உடைகிற சத்தம் மேலே கேட்டது.

"மூணு மணி நேரம் ஆகும்," என்றார். "அதுக்குள்ள வாடை உச்சத்துக்கு வந்துடும். அந்தக் குடாவுக்குள்ள இந்தக் கப்பலை விட முடியாது, எழுபத்து நாலு கிழங்க இருக்கு. ரப்பர் படகை இறக்கினா கவிழ்ந்துடும். மீட்புப் படகைக் கூப்பிடுறேன்."

கரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் ஒரு பெண் பேசினாள். ஹெலிகாப்டர் தெற்கே ஒரு மீன்பிடிக் கப்பலுக்கு நோயாளியை எடுக்கப் போயிருக்கிறது, வந்தாலும் இந்த மேகத்தில் இறங்க முடியாது. ஊர் மீட்புப் படகு இப்போதே கிளம்புகிறது, நாலு மணிக்குள் வந்துவிடும். ஆபத்துக் குடில் ரேடியோவைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

குடில்! ஸ்வாலா சுவரில் தொங்கிய ஏற்ற வற்ற அட்டவணையைப் பாய்ந்து பிடித்தாள். பதினொன்றரைக்கு முழு வற்றம். பத்தேகாலில் இருந்து ஒரு மணிவரை ஆற்றைக் கடக்கலாம். கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தைந்து.

"கடந்திருப்பான்," என்றாள். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆறு திறந்து கிடந்திருக்கு. அவனுக்கு அந்த ஆறு அத்துப்படி. கடந்திருப்பான், இல்லையா?"

"கடந்திருப்பாரு அக்கா," என்றான் பின்னாலேயே ஓடிவந்த கௌதி. "இந்நேரம் அடுப்பைப் பத்த வெச்சு, காலை நீட்டிக்கிட்டு, அங்க இருக்கிற பிஸ்கட்டைப் பூரா காலி பண்ணிட்டு இருப்பாரு. நீங்க வேற."

"அப்ப ஏன் குடில் ரேடியோவுல பேசலை?"

கௌதி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

கரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "செல்விக் குடில், செல்விக் குடில், தோர்ஃபி, இருக்கீங்களா?" இரைச்சல்தான் வந்தது. காற்றில் குடிலின் ஏரியல் ஒடிந்திருக்கலாம் என்றார் ஓர்மூர். பேட்டரி காலியாகி இருக்கலாம் என்றான் கௌதி.

பேட்டரி என்றதும் அவள் தன் தோளில் தொங்கிய ரேடியோவைப் பார்த்தாள். தினமும் படுக்கப் போகும் முன் இரண்டு ரேடியோவையும் சார்ஜில் போடுவது அவள்தான். அவனுக்கு அந்த ஞாபகமே இருக்காது. இரண்டு நாளாக அவள் தன்னுடையதை மட்டும் போட்டிருந்தாள். காலையில் அவன் குரல் கொரகொரத்ததற்கு மலை காரணமில்லை. கப்பல் நங்கூரம் தூக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவன் அந்தச் செத்த ரேடியோவில் அவள் பெயரைக் கத்தியிருப்பான் என்று நினைத்தாள்.

பன்னிரண்டு ஐம்பது. இன்னும் பத்து நிமிடம். "போயிடு," என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். "தோர்ஃபி, நான் சொல்றேன்ல, ஆத்தைத் தாண்டிப் போயிடு." ஓர்மூர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒன்று. ஒன்று ஐந்து. அதற்குப் பிறகு அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேற்கே ஆறு மூடிக்கொண்டிருக்கும்.

அந்த மூன்று மணி நேரம் அவள் பட்ட பாட்டை விரோதிக்கும் விதிக்கக்கூடாது. கப்பல் மலையில் ஏறுவதும் பள்ளத்தில் விழுவதுமாகப் போனது. கீழே ஆசிரியர்கள் வாளிகளைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எய்விந்த் ஒரு தடவை ஏறி வந்து, கதவைப் பிடித்தபடி, "நான் அந்தச் சட்டையை வாங்கியிருக்கக் கூடாதும்மா," என்றார். "நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள் ஸ்வாலா. அவர் அங்கேயே குந்தி அழுதார். ஸ்வாலாவுக்கு அழுகைகூட வரவில்லை. கல்லைக் கடல்நாய் என்று இன்னும் ஆயிரம் பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கட்டும், வாழ்நாள் பூரா சிரிக்கட்டும், உயிரோடு மட்டும் இருக்கட்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்குக் குடாவின் முகப்புக்கு வந்தார்கள். காற்று பனியை விரட்டியிருந்தது. ஓர்மூர் தொலைநோக்கியை அவளிடம் கொடுத்தார். அவள் மேற்கு ஓரத்தைத்தான் முதலில் பார்த்தாள். குடில் தெரிந்தது. புகைபோக்கியில் புகை இல்லை, கதவு சாத்தியிருந்தது.

"அக்கா!" என்று கத்தினான் கௌதி. "அதோ! கிழக்கே! படகு இறக்கின இடத்துல! ஆரஞ்சு தெரியுது! அண்ணன்தான்! இருக்காரு!" அவன் துள்ளினான், சுக்கான்காரனைக் கட்டிப் பிடித்தான்.

ஸ்வாலா துள்ளவில்லை. கிழக்குக் கரையில், காலையில் அவள் கடைசிப் படகைத் தள்ளிய அதே கற்களுக்கு நடுவில், ஓர் ஆரஞ்சுப் பொட்டு உட்கார்ந்திருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், அடுப்பும் கம்பளியும் இல்லாத பக்கம். வெட்ட வெளியில், இந்த வாடையில், ஆறு மணி நேரம். கப்பல் ஊதியது. பொட்டு அசையவில்லை.

"ஏன் தாண்டலை?" என்றாள். "ஏன்டா தாண்டலை?"

மீட்புப் படகு பத்து நிமிடத்தில் மேற்கிலிருந்து வந்தது. அதை நடத்தியவள் ஹில்தூர், ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். ஆபத்து என்று மணியடித்தால் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கடலுக்கு வருகிற ஆட்களில் ஒருத்தி. ரேடியோவில் கேட்டாள். "எனக்கு இந்தக் கரை தெரியாது. பாறை எங்க எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள் யாரு?"

ஓர்மூர் ஸ்வாலாவைப் பார்த்தார். "போ," என்றார்.

கப்பல் காற்றை மறைத்து நிற்க, கயிற்றேணியில் இறங்கி, படகு மேலே எழும்பிய நொடியில் அவள் குதித்தாள். முட்டி பெயர்ந்தது, வலி தெரியவில்லை. இடது பக்கப் பாறையை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அலைக்குக் காத்திருந்து, நாலாவதன் முதுகில் கரைக்குள் விட்டார்கள். படகு மணலைத் தொடும் முன்பே அவள் தண்ணீரில் இருந்தாள்.

தோர்ஃபி ஒரு கல்லில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். பக்கத்தில் தீர்ந்துபோன அபாய வெளிச்சக் குழல் இரண்டு கிடந்தன, பனிக்குள் சுட்டிருக்கிறான், யார் கண்ணில் படும்? உதடு நீலம் பாரித்திருந்தது. உடம்பு நடுங்கவில்லை.

"நடுக்கம் நின்னுபோச்சு," என்றாள் ஹில்தூர் தாழ்ந்த குரலில். அது நல்லதற்கில்லை என்று ஸ்வாலாவுக்கும் தெரியும். "மெதுவாத் தூக்குங்க. குலுக்கக் கூடாது, நெஞ்சு நின்னுடும்."

படகுக்குள் கிடத்தி, ஈரத்தை வெட்டி எடுத்து, கம்பளிப் பையில் சுற்றினார்கள். ஸ்வாலா தன் சட்டையைக் கழற்றிவிட்டு அவனோடு பைக்குள் புகுந்து, அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். மீன் மாதிரி ஜில்லென்று இருந்தான். படகு அலையைக் கிழித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பியது.

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும், தூங்க விடக்கூடாது," என்ற ஹில்தூர் அவன் முகத்தருகே குனிந்தாள். "அண்ணே, உங்க பேரு என்ன?"

"தோர்ஃபி." குரல் குழறியது.

"எங்க இருக்கீங்க?"

"செல்விக்." பிறகு இயந்திரச் சத்தம் காதில் விழுந்ததோ என்னவோ, கண்ணைத் திறந்து எழப் பார்த்தான். "எங்க கூட்டிட்டுப் போறீங்க? இறக்கி விடுங்க. நான் கரையில இருக்கணும்."

"கரையில என்ன வேலை? படுங்க."

"என் பொண்டாட்டி வருவா."

ஸ்வாலா அவன் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "தோர்ஃபி, நான்தான்டா. ஸ்வாலா. வந்துட்டேன், பாரு."

அவன் பார்வை அவள் முகத்தில் ஏறி, நிற்காமல், தாண்டிப் போனது.

"ஆத்தைத் தாண்டிக் குடிலுக்குப் போயிருக்கலாமே அண்ணே," என்றாள் ஹில்தூர், அவன் கண் மூடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. "மதியம்வரை வத்தமாத்தானே இருந்துச்சு?"

"போயிருக்கலாம்." மூச்சு வாங்கினான். "பனியில வழி தப்பி இறங்கி வந்தப்போ படகு போயிடுச்சு. ஆத்தங்கரைவரைக்கும் மூணு தடவை போனேன். திரும்பிட்டேன். குடில்ல உக்காந்தா இந்தக் கரை தெரியாது. அவ படகுல வந்து பார்ப்பா, நான் இல்லைன்னா கடல்ல விழுந்துட்டேன்னு நினைச்சுப்பா. பயந்துடுவா." இன்னொரு மூச்சு. "கடைசியா இறங்கினேன். அதுக்குள்ள ஏத்தம் வந்துடுச்சு. உருட்டிடுச்சு."

"அரை மணி நேரம் பார்த்துட்டு, யாரும் வரலைன்னா போயிட வேண்டியதுதானே?"

"வந்துடுவா அவ. என் வில்லை சிவப்பா இருக்கும்ல. அவ கண்ணுக்கு அது தப்பாது. இந்நேரம் கப்பலைத் திருப்பி இருப்பா. என்னைக் கரையில விடுங்க, அவ பாவம்."

ஹில்தூர் வாயைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பினாள்.

ஸ்வாலாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவன் காதோடு வாயை வைத்தாள். "சிவப்பாத்தான் இருந்துச்சு, தோர்ஃபி. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் திருப்பினேன். உன் வில்லையைத் திருப்பினது நான்தான். உன்கூடப் பேசக் கூடாதுன்னு, கூப்பிடாம, நானே திருப்பிட்டுப் போயிட்டேன். கேக்குதா? நான்தான்."

அவனுக்குக் கேட்டது. நெற்றி சுருங்கியது. முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான், முன்பின் தெரியாத ஒருத்தி ஏதோ தவறாகப் பேசிவிட்டதைப் பொறுமையாகத் திருத்த வேண்டும் என்கிற மாதிரி.

"இல்லைங்க," என்றான். "அவ அப்படியெல்லாம் செய்யுற ஆளு இல்லை. உங்களுக்கு அவளைத் தெரியாது."

தோர்ஃபி தன் வாழ்நாளில் கடைசியாகப் பேசியது அதுதான். துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. போய்ச் சேரும்வரை ஸ்வாலா தன் பெயரை அவன் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.